வீடுகளைப் படம் பிடித்தோம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு விடுத்த மடல் கைக்கு எட்டியபோது யாம் சற்றே நாணினோம். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்றவர்களுள் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், நீதிமன்றங்களில் வாதிடுவோரும் உளர். யாம் இருவரோ விலைக்கு வரும் வீடுகளைப் படம் பிடித்துத் தரகர்களுக்குக் கொடுத்துச் சீவிப்பவர்கள். ஆயினும், தொழில் தேடும் இளைய மாணவர் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்று எழுதத் துணிந்தோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊரடங்கு வரும்வரை யாம் கலியாணப் படம் எடுப்பவர்களாகவே இருந்தோம். மண்டபங்கள் பூட்டப்பட்டன, கமரா பெட்டிக்குள் உறங்கியது. கட்டுநாயக்க விமான நிலையமும் மூடப்பட்டு, 2021 ஜனவரியிலேயே மீளத் திறந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவாறு வெள்ளவத்தையில் வீடு தேடியவர்கள் நேரில் வர வழியின்றித் தவித்தனர். அக்காலத்தில் அறிமுகமான தரகர் ஒருவர், “தம்பிமார், என்ரை போனிலை எடுத்த படத்தைப் பார்த்து ஒருத்தரும் விலை கேட்கினம் இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து எடுத்துத் தாருங்கோவன்” என்றார். தொழில் தொடங்கிய வரலாறு இவ்வளவே.

கலியாண வீட்டிற் பழகிய கை அலங்காரத்தையே நாடும். மணப்பெண்ணின் முகத்திலுள்ள வடுவை மறைப்பது அங்கே உபசாரம். அதே உபசாரத்தை வீட்டுக்கும் செய்தோம். 16 மில்லிமீற்றர் அகல வில்லையைப் பூட்டி மூலையில் ஒதுங்கி நின்று எடுத்தால், பத்தடி அறையும் மண்டபம்போலத் தோன்றும். அவ்வாறே எடுத்தோம். யன்னலுக்கு நேரே நின்ற மின்மாற்றியைக் கணினியில் அழித்து, அவ்விடத்தில் வானத்தை வைத்தோம். படத்தைக் கண்டு மகிழ்ந்த ஒருவர் 2021 இன் இறுதியில் கனடாவிலிருந்து வந்தார். அறைக்குள் நுழைந்தார், யன்னலைத் திறந்தார், கதிரையில் இருக்கவும் மனமின்றிப் புறப்பட்டுவிட்டார்.

தரகர் எம்மை ஏசவில்லை. “படம் நல்ல வடிவு, தம்பி. அந்த மனுசன் இனி என்னட்டை ஒரு வீடும் கேளார்” என்று மட்டுமே சொன்னார். ஏசியிருந்தால் ஆறியிருப்போம். வீடு விற்றாலன்றி அவருக்குக் கூலி இல்லை. விளம்பரச் செலவும் முச்சக்கர வண்டிக் கூலியும் எமக்குத் தந்த பணமும் அவர் கையிலிருந்து போனவை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றோம்; வாங்க மறுத்துவிட்டார்.

அதன்பின்னரே தொழிலைக் கற்றோம் எனலாம். அகற்றக்கூடியவை எவை, அகற்றலாகாதவை எவை என்று வரையறுத்துக்கொண்டோம். கொடியில் உலரும் உடுப்பு, குப்பைக் கூடை, குளிர்சாதனப் பெட்டியின் மேலுள்ள மருந்துப் போத்தல்கள் ஆகியன வீட்டார் போகும்போது தாமும் போய்விடுபவை, அவற்றை எடுத்துவைக்கலாம். சுவர் வெடிப்பும் ஈரக் கசிவும் மின்மாற்றியும் வாங்குபவருக்கே எஞ்சுபவை. அவை படத்தில் இருந்தே ஆகவேண்டும். (மலசலகூடத்தின் மூடியை மூடி வைக்குமாறு வீட்டாருக்கு முதல்நாளே சொல்லிவிடவேண்டும். இதனை மறந்து யாம் பட்ட பாடு மலரில் எழுதத் தக்கதன்று.)

கமராவை முக்காலியில் நெஞ்சளவு உயரத்தில் நிறுத்திச் சுவர்க் கோடுகள் சாயாது பார்க்கின்றோம். யன்னல் வெளிச்சம் அறையை இருளாக்கும் ஆதலால், வெவ்வேறு ஒளியளவில் மூன்று படங்கள் எடுத்து ஒன்றாக்குகின்றோம். கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடிகள் மேற்கு நோக்கியவை. அங்கே காலையிலேயே சென்றுவிடுவோம். பிற்பகலில் வெயில் நேரே வில்லைக்குள் விழும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, மின்கல விளக்குகளைச் சுமந்துகொண்டு எட்டு மாடிகள் ஏறினோம். எப்படியாயினும் மறுநாள் காலை எட்டு மணிக்குள், வாட்ஸ்அப்பில் அனுப்பத் தக்க சிறு படங்கள் தரகர் கையில் இருக்கும். வாங்குபவரை முதலில் அழைப்பவரே விற்பவர் என்பது அவர்கள் தொழிலின் இயல்பு.

சென்ற ஆண்டு அதே தரகர் பழைய வீடொன்றைப் படமெடுக்க அழைத்தார். உள்ளே சென்றபோதே அது எம் வகுப்புத் தோழன் ஒருவனின் வீடு என அறிந்தோம். பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, தாயார் மட்டும் இருந்தார். சுவாமி அறை வாசலை மறித்து நின்று, “இதை எடுக்க வேண்டாம், ராசா. ஊராருக்குக் காட்டுறதுக்கில்லை” என்றார். தரகருக்கோ அறைக் கணக்குக் குறையும் என்னும் கவலை. மூடிய கதவை மட்டும் எடுத்து, அறையின் அளவைக் கீழே குறித்தோம். அவரும் ஒத்துக்கொண்டார்.

கமராவைப் பெட்டியில் வைத்தபின் அம்மையார் எம்மை மீண்டும் அழைத்தார். விளக்கேற்றியிருந்தார். “இப்ப எடுங்கோ. எனக்கு ஒண்டு, அவனுக்கு ஒண்டு” என்றார். இரண்டு பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்தோம். அதற்குக் கூலி வாங்கவில்லை.

வீடு விலைப்பட்டது. வாங்கியவர் அதனை இடித்துவிட்டுத் தொடர்மாடி எழுப்புகின்றார். முதலாம் மாடி முடிந்ததும் படமெடுக்க வரவேண்டும் என்று தரகர் இப்பொழுதே சொல்லிவைத்திருக்கின்றார்.