வண்டி நிக்கணும், தம்பி

வடசென்னை என்றால் திருநெல்வேலிக்காரனான எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா காட்டியதுதான்: கத்தி, கானா, கேரம் போர்டு. அதைச் சரிபார்க்க நான் அங்கே போகவில்லை. பழைய கட்டடம் என்றால் எனக்கு ஒரு பக்தி உண்டு. ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்க்கப் போனேன்.

கடற்கரை நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம். இறங்கியவர்கள் நாலைந்து பேர். செங்காவிச் சுவர், வெள்ளைத் தூண்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வாசல்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் தானேயிலும் அதற்கு முன்பே ரயில் ஓடினாலும் அங்கே முதலில் கட்டியவை இன்று இல்லை. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுவே. சென்ட்ரல் வந்தது 1873-இல்.

தூணைத் தடவினேன். உள்ளங்கையில் வெள்ளை ஒட்டியது. அந்தப் பக்கம் கன்டெய்னர் ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று துறைமுகத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

“இன்னா தம்பி, படம் புடிக்கிறியா?”

கைலியும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவராம். சாயங்காலமானால் இங்கேதான் காற்று வாங்குவாராம். இப்பேர்ப்பட்ட கட்டடம் இப்படிக் காலியாகக் கிடக்கிறதே, இதை ஒரு மியூசியமாக்கினால் ஊரே வந்து பார்க்குமே என்றேன். அவர் மகிழ்வார் என்றுதான் நினைத்தேன். அவருக்கோ கோபம் வந்துவிட்டது.

“மியூசியமா? செத்தவனுக்குத்தான் மாலை போடுவாங்க. இங்க வண்டி நிக்கணும், தம்பி. வெளியூருக்குப் போறவன் பொட்டியோட வந்து ஏறணும்.”

ராயபுரத்தைச் சென்னையின் மூன்றாவது முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னையின் நெடுநாள் கோரிக்கை. முனையம் தாம்பரத்துக்குப் போய்விட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது சொத்துத் தகராறில் தோற்ற வீட்டுக்காரரின் ஆற்றாமை. நானும் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நடைமேடை போட்டு, ஆயிரக்கணக்கில் ஜனம் புழங்கினால் இந்தச் சுவர் தாங்குமா? பிராகா நகரத்தில் 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தைச் சொன்னேன். டிராம் வண்டி ஓடிய பாலம் அது. இன்று அதன்மேல் மனிதர்கள் நடக்கலாம், அவ்வளவுதான்; அதனால்தான் பிழைத்திருக்கிறது.

கொஞ்சம் யோசித்தார். “அந்த ஆத்துல அவங்களுக்கு வேற பாலம் இருக்கும்ல? எங்களுக்கு வேற ஸ்டேஷன் ஏது?”

பதில் தேடிக்கொண்டிருந்தபோதே எழுந்து, “வா, பசிக்குது” என்று நடந்தார்.

தெருமுனை அத்தோக் கடை. 1960-களில் பர்மாவை விட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த தீனி. கடைக்காரர் மஞ்சள் நூடுல்ஸை அள்ளிப் போட்டு, கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். புளிப்பும் காரமும் மூக்கில் ஏறின. முகம் சுளிக்காமல் தின்றேன். இரண்டாம் தட்டை நானே கேட்டேன்.

தின்றபடி பெரியவர் பேசினார். அவருடைய பாட்டன்மார் மசூலாப் படகு வலித்தவர்களாம். எனக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. அந்த முதல் ரயில் ஓடிய காலத்தில் மதராஸில் துறைமுகமே கிடையாது. கடலுக்குள் நீளும் இறங்குதுறைகூட 1861-இல்தான் வந்தது. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளோ சரக்கோ எதுவானாலும், ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த பலகைப் படகில், அலையைத் தாண்டித்தான் கரைசேர வேண்டும். அந்தப் படகோட்டிகள் எழுப்பியதுதான் இங்குள்ள ராயப்பர் கோயில். நிலையத்தைத் திறந்துவைத்தவர் கவர்னர் ஹாரிஸ் பிரபு என்று புத்தகங்களில் இருக்கிறது. சீமையிலிருந்து வந்த இரும்பைக் கரைசேர்த்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்களுடைய பேரன் எதிரே உட்கார்ந்து வண்டி கேட்கிறார். மியூசியம் என்ற சொல்லை அதன்பின் என்னால் எடுக்க முடியவில்லை. சுவரைப் பற்றிய பயம் மட்டும் இன்னும் இருக்கிறது.

“உங்க ஊர்ல பழசு ஒண்ணும் இல்லியா?”

தாமிரபரணிமேல் 1843-இல் திறந்த பாலத்தைச் சொன்னேன். சுலோச்சன முதலியார் என்ற அதிகாரி சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது என்றேன்.

“வண்டி போவுதா அதுல?”

“போகுது. பஸ், லாரி எல்லாம்.”

“அப்புறம் இன்னா?” என்று சொல்லி, இரண்டு பேருக்குமான காசை அவரே கொடுத்தார்.