சிற்றுருவில் ஒரு சரக்குப் பெட்டி

பொம்மை ரயில் வேறு. மாதிரி ரயில் வேறு. பொம்மை ஓடினால் போதும். மாதிரிக்கோ, உண்மையில் இருந்த ஒன்றுக்குச் சாட்சியாய் நிற்கும் கடமையும் உண்டு.

நம் மதுரைச் சமவெளியில் 1875-ஆம் ஆண்டையொட்டி வந்த மீட்டர் கேஜ் பாதை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் மக்களைச் சுமந்தது. போடிநாயக்கனூர்ப் பாதையிலும் 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு அது நின்றது. அகலப்பாதையாக மாறி, ரயில் மீண்டும் போடியை அடைந்தது 2023-இல்தான். பயணிகள் பெட்டிகளை விரும்பிப் படம் எடுத்தோர் உண்டு. நெல்லும் பஞ்சும் உரமும் சுமந்த நான்கு சக்கரச் சரக்குப் பெட்டிகளை யார் நினைத்துப் பார்த்தார்கள்? அவை பழைய இரும்பாயின. அவற்றுள் ஒன்றையேனும் உள்ளங்கை அளவில் மீட்டெடுக்க விழைந்தோம்.

கையில் கிடைத்தது ஓர் அயல்நாட்டுப் பிளாஸ்டிக் பாகத்தொகுப்பு, அளவு 1:87. அந்த அளவில் 1000 மி.மீ. இருப்புப்பாதை 11.5 மி.மீ. ஆகும். விற்பனைக்கு உள்ளதோ 12 மி.மீ. பாதை. அந்த அரை மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 1 மி.மீ. தடித்த சுவரைப் பொறுக்க இயலாது. மெய்யான பெட்டியில் அது 87 மி.மீ. தகடாகிவிடும்! எனவே திறந்த கதவின் விளிம்பை, வெளியே தெரியாதபடி உட்புறமாக அரத்தால் சரித்து மெலிவித்தோம். அச்சில் பிதுங்கிய பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்தோம். சுவரோடு ஒட்டி வார்க்கப்பட்டிருந்த கைப்பிடிகளைச் சீவியெடுத்து, 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துப் பொருத்தினோம்.

எடைதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. நீளம் 87 மடங்கு குறையும்போது எடை ஏறத்தாழ 6,58,500 மடங்கு குறைய வேண்டும். 8 டன் பெட்டி வெறும் 12 கிராம் ஆகிவிடும். வளைவில் தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி, 3 அங்குலப் பெட்டிக்கு இரண்டரை அவுன்ஸ், அதாவது சுமார் 71 கிராம் வேண்டும். தூண்டில் ஈயத்தைத் தட்டித் தரையடியில் ஒட்டினோம். கணக்குக்கு முற்றிலும் உண்மையாக இருந்தால் ஓட்டத்துக்குப் பொய்யாகிறது. எதை விடுவது, எதை விடாதிருப்பது என்ற தெளிவும் நேர்மையின் ஒரு பகுதியே.

வண்ணம் பூசி முடித்ததும், ரயில்வேயில் வேகன்களைச் சோதித்து ஓய்வுபெற்ற அண்டை வீட்டுப் பெரியவரிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. நம்பர் எங்கே? பட்டறைக்குத் திரும்ப வேண்டிய தேதி எங்கே? அது இல்லாத வண்டியை நான் எப்படி விடுவேன்?" என்றார்.

பெட்டி ஒவ்வொன்றிலும் எண், வெறும் எடை, பழுதுபார்த்த நாள், திரும்ப வேண்டிய நாள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும் என்றும், சுத்தியால் சக்கரத்தைத் தட்டி ஒலியைக் கொண்டே விரிசலை அறிவோம் என்றும் விளக்கினார். பிரேக் கம்பிகள் அடியில் செல்லும் வழியைத் தம் கையாலேயே தாளில் வரைந்து தந்தார்.

எந்தப் பாகத்தொகுப்பிலும் அந்த வரைபடம் கிடையாது. இருப்புப்பாதையைப் பெயர்த்தால் மீண்டும் போடலாம். அதை இயக்கியவர்களின் அறிவோ அவர்களோடு போய்விடும். நம் தெருக்களில் இத்தகைய முதியோர் இன்னும் இருக்கிறார்கள். கேட்க ஆளிருந்தால் சொல்லவும் காத்திருக்கிறார்கள்.