யார் மடித்த பியரோகி?

போலந்தில் நல்ல பியரோகி எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டவர்கள் எல்லாரும் பாட்டி வீட்டைத்தான் சொன்னார்கள். அது சோமாசி போல அரைவட்டமாக மடித்து வெந்நீரில் வேகவைக்கும் பண்டம். 'ருஸ்கியே' வகைக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்றால் முட்டைக்கோஸும் காளானும். மாவைத் தேய்த்து, வட்டம் வெட்டி, ஒவ்வொன்றாக ஓரத்தை அழுத்தி ஒட்ட வேண்டும். ஒரு குடும்பத்துக்கே மடிப்பதென்றால் பாட்டியின் பொழுது அதிலேயே போய்விடும். பேரப்பிள்ளைகள் ருசியை நினைவு வைத்திருக்கிறார்கள். அவர் கை வலித்ததா என்பதை யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த பியரோகி கிராக்கோவில் ஒரு 'பார் ம்லெச்னி'யில் கிடைத்தது. 'பால் உணவகம்' என்று பொருள். இவற்றில் முதலாவது 1896இல் வார்சாவில் திறக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சியில், பெண்கள் வேலைக்கும் போய் வீட்டு அடுப்பையும் பார்த்த காலத்தில், இவை பெருகின. இன்றும் அரசு மானியம் உண்டு. பணம் கட்டி, சீட்டைக் கொடுத்தால் சமையலறை ஜன்னல் வழியே தட்டு வரும். உள்ளே மடித்தவர்களும் பெண்கள்தான். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் உண்டு, கடை மூடும் நேரமும் உண்டு.

பக்கத்து மேசையில் ஒரு மூதாட்டி தனியாக உட்கார்ந்து, வேறொருவர் மடித்த பியரோகியை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.