இருபத்து நாலு பேர் காத்திருக்கிறார்கள்

நான் செய்த ஒரு கொலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், போலீஸ் கேஸ் ஆகாது. ஒரே இழுப்பில் இருபத்தைந்து பேரைச் சாய்த்தேன். ஆயுதம்: டெலிபோன் ஒயர். இடம்: புதுச்சேரி, தேங்காய்த்திட்டு. காலம்: 2009 டிசம்பர், நல்ல மார்கழிக் குளிர், விடியற்காலை மூன்று மணி.

தேங்காய்த்திட்டில் என் அக்கா வீடு. மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அக்கா வீட்டுக்காரருக்கு அங்கே ஐஸ் வியாபாரம். அவர் மூன்று மணிக்கு எழுந்து போவார். அவர் பிள்ளை, பி.காம். படிப்பவன், இரண்டு மணிக்கே எழுந்துவிடுவான். படிக்க அல்ல.

"ராத்திரி பூரா பேய் பிசாசோட சண்டை போடறான்டா. ரெண்டு பேப்பர் அரியர். நீ வந்து ஒரு வார்த்தை கேளு" என்று அக்கா போனில் அழுதாள். அப்போது எனக்கே முப்பது ஆகவில்லை. ஆனால், தாய்மாமன் பதவிக்கு வயது வரம்பு ஏது? பஸ் ஏறினேன்.

அவன் ஆடியது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பரில் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. 2010-ல் உலகம் முழுக்க ஒரு கோடியே இருபது லட்சம் பேர் சந்தா கட்டி ஆடினார்கள். விட்டலாச்சார்யா படம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மந்திரவாதி, பூதம், டிராகன், பாழடைந்த கோட்டை எல்லாம் உண்டு. ஒரே வித்தியாசம், திரையில் ஓடும் ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் எங்கோ ஓர் ஊரில், ஒரு நாற்காலியில், நிஜ மனிதர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இந்தியாவில் இதற்கு சர்வர் கிடையாது. ஐரோப்பிய சர்வரில் ஆட மாதம் 12.99 யூரோ, அன்றைய கணக்கில் எண்ணூறு ரூபாய்க்கு மேல். பாண்டிச்சேரிக்காரனுக்கு அது ஒரு பிரச்னையா? 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் பாரிஸ் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அதில் ஒருவன் இவனுடைய அத்தை மகன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார்டு வாங்கி, நம்பரை மெயிலில் அனுப்பிவிடுவான்.

இரண்டு மணிக் கணக்கும் அப்படித்தான். அன்றைய பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் பிளான்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் காசு கிடையாது. இங்கே 2 மணி என்றால் பாரிஸில் இரவு 9.30. வேலை முடிந்து, சாப்பிட்டு, அங்கே ஜனங்கள் சண்டைக்கு உட்காரும் நேரம். பி.எஸ்.என்.எல். திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது!

அன்று ராத்திரி அவனுக்குப் பின்னால் நின்றேன். காதில் ஹெட்போன். எலும்புகளால் ஆன ஒரு ராட்சசன் சுழன்று சுழன்று வெட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஆஃப் பண்ணு."

"அஞ்சு நிமிஷம் மாமா. இருபத்து நாலு பேர் காத்திருக்காங்க."

"எந்த இருபத்து நாலு பேர்? இங்கே உன்னையும் என்னையும் தவிர யாரும் இல்லையே" என்று சொல்லி, மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். வாசலில் என் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பையன் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். "மாமா, உங்க பத்திரிகை பிரஸ்ல ஓடிட்டிருக்கும்போது யாராவது மெயினை ஆஃப் பண்ணினா எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டான். போய்ப் படுத்துவிட்டான்.

காலையில் அவன் மேஜையில் ஒரு நீள நோட்டு கிடந்தது. பி.காம். படித்தவன் லெட்ஜரைக் கண்டால் விடுவானா? பிரித்தேன். முப்பது பெயர்கள். வரவு, பற்று, இருப்பு. ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை. காபி கொடுத்துக் கேட்டேன், சொன்னான்.

இருபத்தைந்து பேர் சேர்ந்து ஒரு ராட்சசனைச் சாய்த்தால் நாலைந்து பொருள்தான் கிடைக்கும். யாருக்கு வாள், யாருக்குக் கவசம்? அடிதடி வராமலிருக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சண்டைக்கு வந்தால் பாயின்ட் வரவு. பொருள் எடுத்தால் பாயின்ட் பற்று. 1999-ல் வந்த எவர்க்வெஸ்ட் என்ற ஆட்டத்தின் வீரர்கள் கண்டுபிடித்த முறை. டிராகன் கில் பாயின்ட்ஸ் என்று பெயர். அவர்கள் குழுவுக்கு இவன்தான் கணக்குப்பிள்ளை.

எனக்குத் துறைமுகம் ஞாபகம் வந்தது. படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, படகுக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்கு பிரிப்பார்கள். அப்பா பார்க்கும் அதே கணக்கைத்தான் மகன் டிராகனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

"நீ என்னடா வேஷம்?"

"ஹீலர் மாமா. முன்னாடி நின்னு அடி வாங்குறவருக்குப் பேரு டேங்க். அவரைச் சாக விடாம பார்த்துக்கறது என் வேலை. நம்ம லைன் ஸ்லோ. அடி விழுந்தப்புறம் மருந்து போட்டா லேட்டு. விழப் போவுதுன்னு தெரிஞ்சு முன்னாடியே போடணும்."

டேங்க் யாரென்று கேட்டேன். பெல்ஜியத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவராம். நான் ஒயரைப் பிடுங்கியதும் முதலில் செத்தது அவர்தான்.

சிரித்தேன். 'அரியரை முடி, அப்புறம் ஆடு' என்று ஒப்பந்தம் போட்டேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அளவு மீறினால் இதுவும் நோய்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறும் இருக்கிறது. அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் கற்பனை இல்லை. அரியரை முடித்தான். வாரம் இரண்டு நாள் மட்டும் ஆடினான். அக்கா என்னை ஊரெல்லாம் புகழ்ந்தாள்.

2011 டிசம்பர் 30. தானே புயல் விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மரமெல்லாம் சாய்ந்து, கரன்ட் இல்லை, போன் இல்லை. அன்று சாயங்காலம் சென்னையில் எனக்கு பாரிஸிலிருந்து போன். அத்தை மகன்.

"அவன் எப்படி இருக்கான்? பெல்ஜியத்துல ஒரு பெரியவர் காலைலேர்ந்து என்னைத் துளைச்சு எடுக்கறாரு. குரூப்ல எல்லாரும் கேக்கறாங்க."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் வரை நான் அக்கா வீட்டுக்கு ஒரு போன் முயற்சிகூடச் செய்திருக்கவில்லை. ஆபீஸில் புயல் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், 2024-ல் வந்த ஓர் ஆவணப்படம். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன், தசைகள் மெல்லச் செயலிழக்கும் டுஷேன் நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இதே வார்கிராஃப்டை ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடினார். 2014-ல் இருபத்தைந்து வயதில் இறந்தார். பிள்ளை நட்பு என்றால் என்ன, காதல் என்றால் என்ன என்று தெரியாமலே போய்விட்டானே என்று பெற்றோர் அழுதார்கள். அவருடைய வலைப்பக்கத்தில் அப்பா மரணச் செய்தியைப் போட்டார். மெயில்கள் வந்து குவிந்தன. எவரெவருக்கோ மாட்ஸ் ஆறுதல் சொல்லியிருந்தார். ஒரு தாயையும் மகனையும் பேச வைத்திருந்தார். அடக்கத்துக்குச் சில நண்பர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றார்கள். பெற்றோர் அவர்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

படம் முடிந்து மருமகனுக்கு போன் செய்தேன். இப்போது ஆடிட்டர் ஆபீஸில் வேலை, ஒரு பெண் குழந்தை.

"அந்த பெல்ஜியம் பெரியவர் எப்படி இருக்காரு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இல்ல மாமா. 2020-ல, கொரோனால போயிட்டாரு."

2019-ல் அந்தப் பழைய ஆட்டத்தையே மறுபடி வெளியிட்டார்கள். பழைய கூட்டம் ஒன்று சேர்ந்திருந்தது. அதற்கடுத்த வருஷமே அவர் போனார். அன்று ராத்திரி எல்லாருடைய வீரர்களும் ஆட்டத்துக்குள் ஒரு கடற்கரையில் வரிசையாக நின்றார்களாம். இவன் தேங்காய்த்திட்டில், அதே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறான்.

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலையாடா?"

"என்னன்னு சொல்றது மாமா? 'கேம்ல செத்துட்டாரா'ன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். நிச்சயமாகக் கேட்டிருப்பேன்.

உங்கள் வீட்டிலும் ராத்திரி ஹெட்போன் மாட்டிய பிள்ளை ஒன்று இருக்கலாம். ஒயரைப் பிடுங்க வேண்டிய நிலைமையும் வரலாம். பிடுங்குங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் யார் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். நான் கேட்டது மறுநாள் காலையில். அதற்குள் இருபத்தைந்து பேர் செத்திருந்தார்கள்.