பூட்டு ஊருக்கெல்லாம் தெரியலாம், சாவி?

பென்ஷன் கணக்கு, வங்கி டெபாசிட் எண்கள், இன்ஷூரன்ஸ் பாலிசிகள், வீட்டுப் பத்திரம் இருக்கும் இடம் என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கணினியில் அடித்து வைத்திருக்கிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் செய்வதுதான். அப்படியே விட்டால் கணினியைப் பழுது பார்க்க வருகிற பையன்கூடப் படித்துவிடலாம். அதனால் பைத்தான் என்ற கணினி மொழியைக் கொண்டு அதைப் பூட்டி வைத்தேன்.

பூட்டும் கணக்குகளை நாமே எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. அதற்கென்றே 'கிரிப்டோகிராஃபி' என்ற பெயரில் ஒரு இலவச லைப்ரரி, அதாவது விஷயம் தெரிந்தவர்கள் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு, கிடைக்கிறது. இதில் பைத்தான் ஒரு குமாஸ்தா மாதிரி. குறிப்பு எழுதி மேலே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. கணக்குப் போடுவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள்.

அந்த லைப்ரரியில் 'ஃபெர்னெட்' என்ற வசதி உண்டு. ஒரு கட்டளை சாவியைத் தரும். இன்னொன்று பூட்டும். மூன்றாவது திறக்கும். சாவி என்பது 44 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. அதில் ஒரு பாதி பூட்டுக்கு, மறு பாதி அரக்கு முத்திரைக்கு. பூட்டிய கோப்பில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்ததாகக் கண்டு, திறக்க மறுத்துவிடும். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை பூட்டிப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறாக இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்துச் சேர்ப்பதுதான் காரணம்.

இந்த லைப்ரரியின் நிரல் முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. அப்புறம் என்ன ரகசியம் என்று தோன்றும். இதற்குப் பதில் 1883-லேயே பிரெஞ்சில் வந்துவிட்டது. ஒகுஸ்த் கெர்க்ஹோஃப்ஸ் என்பவர் ஒரு ராணுவ இதழில் 'லா கிரிப்தோகிராஃபி மிலித்தேர்' என்ற கட்டுரை எழுதினார். அதில் ஆறு விதிகள். இரண்டாவது விதியின்படி, பூட்டும் முறை எதிரி கையில் சிக்கினாலும் கெடுதல் வரக்கூடாது. ரகசியம் சாவியில் மட்டுமே இருக்க வேண்டும். பள்ளியில் படித்த பிரெஞ்சு இந்த வயதில் இதற்கு உதவியது.

மூன்றாவது விதிதான் எனக்கு இடித்தது. எழுதி வைக்காமலே நினைவில் நிற்கும்படி சாவி இருக்க வேண்டுமாம். 44 எழுத்துகளை யார் நினைவில் வைப்பது? அதற்கும் வழி உண்டு. நாம் சொல்லும் ஒரு வாசகத்தைப் பல லட்சம் முறை அரைத்து, அதிலிருந்து சாவியை உண்டாக்கும் வசதி அதே லைப்ரரியில் இருக்கிறது. இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "ஏங்க, உங்க ஞாபகத்துல மட்டும் இருந்தா நாளைக்கு எனக்கு என்ன பிரயோஜனம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. கெர்க்ஹோஃப்ஸ் போர்க்களத்துக்கு விதி எழுதினார். நமக்குப் பயம் எதிரியிடம் அல்ல, மறதியிடமும் மரணத்திடமும். சாவி தொலைந்தால் வங்கியில் போல மனு கொடுத்து மாற்றுச் சாவி வாங்க முடியாது. அந்த லைப்ரரியை எழுதியவர்களே வந்தாலும் திறக்க முடியாது.

ஆகவே 44 எழுத்துகளையே தேர்ந்தெடுத்து, காகிதத்தில் பெரிதாக எழுதினேன். பூஜ்யத்துக்கு உள்ளே ஒரு கோடு, ஆங்கில 'ஓ'வுக்குக் கிடையாது. ஏழுக்கு பிரெஞ்சுப் பள்ளிப் பழக்கப்படி குறுக்குக் கோடு. கீழே, என்ன கட்டளை அடிக்க வேண்டும் என்பதைத் தமிழில் படிப்படியாக எழுதினேன். காகிதம் அவள் பீரோவில். பூட்டிய கோப்பின் நகல் ஒரு பென் டிரைவில், மகள் வீட்டில். இரண்டும் ஓரிடத்தில் இருக்கக்கூடாது.

எழுதியதோடு விடவில்லை. நான் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் தனியாகக் காகிதத்தைப் பார்த்து அடித்தாள். இருபது நிமிடம் ஆனது. கோப்பு திறந்தது. வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்வதாக ஏற்பாடு.