துவக்கு என்னும் சொல்

ஈழத்துப் பேச்சுத் தமிழில் 'துவக்கு' என வழங்கும் படைக்கலம், எழுத்தில் ஏறும்போது பெரும்பாலும் 'துப்பாக்கி' ஆகிவிடுகிறது. பின்னையது செம்மையான சொல், முன்னையது அதன் சிதைவு என்ற எண்ணம் இதன் பின்னால் உண்டு. அவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

'துப்பு' என்னும் பழஞ்சொல் வலிமையைக் குறிப்பதால் துப்பாக்கி அதனடியாகப் பிறந்ததென்பாருளர். குண்டைத் துப்புவதாற் பெற்ற பெயரென்பாருமுளர். துவக்குதல் என்னும் வினையோடு துவக்கை இணைப்பதும் இவ்வகையினதே. கேட்க இனியனவாயினும் இவை நில்லா. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி', இந்தியில் 'துபக்', பாரசீகத்தில் 'துஃபங்', துருக்கியில் 'துஃபெக்' என ஒரே பொருளில் நீளும் வரிசையை இவற்றால் விளக்கவியலாது. அவ்வரிசையின் பழைய முனை துருக்கியிலே உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் கஷ்காரி தொகுத்த துருக்கிச் சொல்லகராதியில் இச்சொல்லின் முன்வடிவம், சிறு பறவைகளை ஊதி வீழ்த்தும் குழலைக் குறிக்கிறது. வெடிமருந்துக் குழல் பின்னர் வந்தபோது அப்பழைய பெயரையே பெற்றது.

தமிழில் வந்த வடிவங்கள் இரண்டு. 'துப்பாக்கி' நெட்டுயிரோடும் இகர ஈற்றோடும் தெலுங்கு, கன்னட வடிவங்களை ஒத்திருக்கிறது. 'துவக்கு' அவ்வாறன்று. பாபம் பாவமாகவும் உபமா உவமையாகவும் திரிந்த அதே நெறியில் 'துபக்' என்பதன் பகரம் வகரமாயிற்று. ஈற்று வல்லெழுத்து இரட்டித்துக் குற்றியலுகரம் பெற்றது. தமிழ் அயற்சொல்லை ஏற்கும் முறை இதுவே. ஆகவே துவக்கு, துப்பாக்கியின் சிதைவன்று. குறுகிய உயிரைக் காத்து நிற்பதால் மூலத்துக்கு அதுவே அணித்தானது.

இன்னொன்றும் வியப்புக்குரியது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் கதிரை, அலுமாரி, யன்னல் முதலிய பெயர்களை இங்கு விட்டுச் சென்றனர். அவர் தோளிற் சுமந்து வந்த கருவிக்கோ அவர் மொழிப் பெயர் நிலைக்கவில்லை. பீரங்கியில் மட்டும் அவர்கள் வேறுவிதமாக இடம்பெற்றனர்: ஐரோப்பியரைச் சுட்டிய 'ஃபரங்கி' என்னும் பாரசீகச் சொல்லே மனிதருக்குப் பறங்கி எனவும் படைக்கலத்துக்குப் பீரங்கி எனவும் ஆயிற்று.

சிங்களத்தில் இக்கருவியின் பெயர் 'துவக்குவ'. தமிழிலிருந்து சென்ற சொல்லென்பர். அம்மொழி தன் விகுதியைச் சேர்த்தது துவக்கின்மீதே, துப்பாக்கியின்மீதன்று.