மூடிவிட்டதாகச் சொன்ன வால்வு

அரூரில் புளி வாணிபம் செய்யும் என் மச்சான், சித்தேரி மலைக்குச் சரக்குப் பார்க்கப் புறப்பட்ட ஒரு கோடைக் காலையில் என்னையும் உடன் அழைத்தார். "இருபத்தாறு வருடம் வளைகுடாவில் குழாய்களோடு குடித்தனம் நடத்தினீர்கள். ஒருநாள் எங்கள் மலைக் காற்றையும் சுவாசித்துப் பாருங்கள் மச்சான்" என்றார். அவருக்குத் தெரியாது, அங்கேயும் எனக்கு ஒரு குழாய் காத்திருந்தது என்பது.

சித்தேரி, மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் பிற தானியங்களும் விளைவிக்கும் மலையூர். மச்சானுக்குப் புளி கொடுக்கும் விவசாயி ஒருவர், ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு நீர் ஏற்றும் பணியையும் கவனித்து வந்தார். எங்களைத் திண்ணையில் அமர்த்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஓர் எண்ணை அழைத்தார். பள்ளத்தில், கண்ணுக்கு எட்டாத அவருடைய கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டதாம்! ஸ்டார்ட்டருடன் இணைத்த பெட்டியில் ஒரு சிம் அட்டை. அழைத்தால் ஓடும், மீண்டும் அழைத்தால் நிற்கும். தமிழகத்தின் பல ஊர்களில் இன்று காணக்கூடிய கருவிதான். எனினும் இரவில் பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சி வரப்பில் நடந்தவருக்கு அது எத்தகைய விடுதலை என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

"பாய், இதுபோலவே ஊர்த் தொட்டியின் வால்வையும் கீழே அரூரிலிருக்கும் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார். சற்றுத் தயங்கி, "சேர்த்துவிட்டால் எனக்கு வேலை இருக்குமா?" என்றும் கேட்டார்.

முதல் கேள்விக்கு விடை எளிது, சேர்க்கலாம். பெரிய குடிநீர்த் திட்டங்களிலும் ஆலைகளிலும் அப்படித்தான் நடக்கிறது. வால்வின் தலையில் ஒரு சிறு மோட்டார், குழாயில் நீரோட்டத்தை அளக்கும் மானி, தொட்டியில் மட்டம் காட்டும் கருவி. இவற்றின் கம்பிகளெல்லாம் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வந்து சேரும். 1960-களின் இறுதியில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளுக்காகப் பிறந்த பெட்டி இது. தொலைவிலுள்ள கணினி அதனுடன் உரையாட ஒரு மொழி வேண்டுமல்லவா? மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 'மோட்பஸ்' இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. மதரஸாவில் உஸ்தாத் பெயர் கூப்பிடுவதைப் போன்றது அது: கணினி ஒவ்வோர் எண்ணாக அழைத்து நிலையைக் கேட்கும், அழைக்கப்பட்ட கருவி மட்டும் விடை சொல்லும்.

இந்தத் தொழிலில் என் மனம் கவர்ந்தது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை என்ற வழக்கம். தொட்டி வெறுமையாயின் கம்பியில் 4, நிரம்பினால் 20. வெறுமைக்கு ஏன் சுழி வைக்கவில்லை? கம்பி அறுந்தாலும் சுழிதானே வரும்! 'தண்ணீர் இல்லை' என்ற செய்தியையும், 'செய்தியே இல்லை' என்ற நிலையையும் பிரித்தறிய எவரோ செய்த நல்ல ஏற்பாடு அது.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் கற்கவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஓர் ஆலையில், கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். குழாயொன்றின் வடிகட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் வால்வு 'மூடியது' என்று நிறம் மாறிற்று. வாக்கி டாக்கியில், "மூடிவிட்டது, கழற்றலாம் காக்கா" என்றேன். கீழே நின்றவர் கீழக்கரைச் சகோதரர். இரண்டாவது போல்ட்டைத் தளர்த்தியதும் கொதிக்கும் உப்புநீர் சீறிப் பாய்ந்தது. அனுபவசாலியாதலால் ஒதுங்கி நின்றே வேலை செய்திருக்கிறார். முன்கை மட்டும் வெந்தது. முகத்துக்கு நேரே நிகழ்ந்திருந்தால்? இன்றும் நினைக்க நடுங்குகிறது.

வால்வு அசையவே இல்லை. முழுதும் மூடியபின் தொட்டுச் சொல்லும் 'லிமிட் சுவிட்ச்' கம்பியைத் திரையுடன் இணைக்காமல், நான் கொடுத்த ஆணையையே இணைத்திருந்தார்கள். என் கட்டளையை எனக்கே திருப்பிக் காட்டிற்று கணினி. அதை நான் சாட்சியம் என்று நம்பினேன். அவரை மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, "நீ என்ன செய்வாய் தம்பி, திரை சொன்னதைத்தானே சொன்னாய்" என்றார். அந்த ஆறுதல்தான் அதிகம் சுட்டது.

ஆகவே சித்தேரிக்காரரிடம் கேட்டேன்: "மோட்டார் ஓடுகிறது என்று பெட்டி சொல்கிறது, தண்ணீர் வருகிறது என்று யார் சொல்கிறார்?" அவர் சிரித்தார். சென்ற ஆண்டு கிணறு வற்றியதை அறியாமல் ஓட்டி மோட்டார் காயில் கருகிய கதையைச் சொன்னார். மழை நாள்களில் மலையில் கைப்பேசி அலைவரிசை போய்விடும் என்றும் சொன்னார். அப்படியானால் நிறுத்தும் முடிவு அரூரில் இருக்கலாகாது. கிணற்றடியிலும் தொட்டியிலுமே இருக்க வேண்டும். தொலைவிலுள்ள கணினி பார்க்கட்டும், கேட்கட்டும்.

முதலில் அவருடைய சொந்த மோட்டாரில் செய்து பார்த்தோம். பண்ணைத் தொட்டியில் ஒரு மிதவை, குழாயில் நீரோட்டம் அறியும் சுவிட்ச், கையால் இயக்க ஒரு தனித் திருகு. மிதவையும் வால்வும் சேர்ந்து நீரைத் தாமே அடக்கும் உபாயங்களை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் நூலாக எழுதிவைத்தார்கள் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் புளியின் விலையில் கவனமாயிருந்தார். பெட்டி குறிப்பிட்ட இரண்டு எண்களுக்கு மட்டுமே பணியுமாறும் செய்தேன். ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் 2000-ஆம் ஆண்டு, மனக்கசப்புற்ற ஒருவர் வானொலிக் கருவியால் கழிவுநீர் நிலையங்களுக்கு ஆணையிட்டு, சுமார் எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் ஆறுகளிலும் பாயவிட்டார். தூரத்திலிருந்து திறக்கும் கதவு, யாருக்குத் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அவருடைய இரண்டாவது கேள்விக்கு, "பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் இல்லாமல் நான் எந்த வால்வையும் கணினியில் சேர்க்க மாட்டேன், ஊராட்சியிலும் அதையே சொல்வேன்" என்றேன். அவர் வேலை நிலைக்கும் என்று உறுதி கூற எனக்கு அதிகாரம் ஏது?

ஐப்பசி மழையில் இரண்டு நாள் அவருடைய எண் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே அழைத்தார்.

"பாய், தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நின்றிருக்கிறது. பெட்டியில் விளக்கும் எரிந்தது. ஆனாலும் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டேன்."

"எவ்வளவு இருந்தது?"

"விளிம்புக்கு ஒரு சாண் குறைவு, பாய்."